குருவைப் பிரிந்த சீடர்: ரான் பராஸியின் ஆட்டமும் பயிற்சியும்



இப்பகுதியில் இதுவரை நமக்குப் பழக்கமான ஆட்டங்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை நம்மில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஓர் ஆட்டத்தையும், அதை ஆடியும் ஆடக் கற்பித்தும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒரு மனிதரையும் அறிமுகம் செய்ய விரும்புகிறேன். ஆட்டம், 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்து. மனிதர், ரான் பராஸி. பல ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன் நான். பணி ஓய்வுக்குப் பின் மெல்போர்னில் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில்தான் இவரைப் பற்றித் தேடிப் படித்தேன். எத்தனையோ பேர் இருக்க இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

ஆட்டம் எப்படிப்பட்டது?

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். கோடையில் கிரிக்கெட் நடக்கும் அதே முட்டை வடிவ மைதானத்தில் குளிர்காலம் முழுவதும் இந்த ஆட்டம் நடக்கும். இது தற்செயல் அன்று. 1859-ல் மெல்போர்னில் இதற்கு விதிகளை எழுதியவர்களில் ஒருவரான டாம் வில்ஸ் ஒரு கிரிக்கெட் வீரர். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடம்பு தளர்ந்து போகக்கூடாது என்பது அவர் எண்ணம்.

ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தும் முட்டை வடிவம்தான். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நட்டிருப்பார்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளிகள். ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. அதனால் 17 கோல், 9 தனிப்புள்ளி என்றால் மொத்தம் 111 என்று கணக்கு. உதைத்த பந்து தரையைத் தொடும் முன் ஒருவர் சுத்தமாகப் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவர் யாருடைய இடையூறும் இல்லாமல் நின்று உதைக்கலாம். ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக நடக்கும்.

ஒரு விதியை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தைக் கையால் எறியக் கூடாது. ஓர் உள்ளங்கையில் பந்தை வைத்து, மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இதை 'ஹேண்ட்பால்' என்பார்கள். பின்னால் வரும் கதைக்கு இது வேண்டும்.

பின்கட்டில் வளர்ந்த பையன்

ரான் பராஸி 1936 பிப்ரவரி 27 அன்று விக்டோரியா மாநிலத்துக் காஸில்மெய்ன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ரான் பராஸிதான். அவரும் ஆட்டக்காரர், 1940-ல் பட்டம் வென்ற மெல்போர்ன் கிளப் அணியில் இருந்தவர். மறு ஆண்டே, 1941-ல், வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் முற்றுகையில் போர்வீரராக உயிரிழந்தார். (அதே முற்றுகையில் ஆஸ்திரேலியர்களோடு நம் நாட்டு 18-வது குதிரைப்படையும் நின்றது என்பதை இங்கே குறிப்பிடலாம்.) மகனுக்கு அப்போது வயது ஐந்து.

இறந்தவரோடு அதே அணியில் ஆடியவர் நார்ம் ஸ்மித். பின்னர் மெல்போர்ன் கிளப்பின் பயிற்சியாளரானவர். பையனுக்குப் பதினாறு வயதானபோது அவன் தாய் மறுமணம் செய்துகொண்டு டாஸ்மேனியாவுக்குப் போக நேர்ந்தது. பையனோ தந்தை ஆடிய கிளப்பில்தான் ஆடுவேன் என்று இருந்தான். ஸ்மித் அவனைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்தார். வீட்டின் பின்புறத்தில் இருந்த சிறிய குடில் அவனுக்கு இடமாயிற்று. சாப்பாடு ஸ்மித் வீட்டில், பயிற்சி ஸ்மித்திடம், கண்டிப்பும் ஸ்மித்திடம். நம் நாட்டில் குருகுலவாசம் என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

அக்காலத்தில் எந்தப் பகுதியில் ஒருவர் குடியிருக்கிறாரோ அந்தப் பகுதிக் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும் என்பது விதி. அதன்படி பராஸி வேறு கிளப்புக்குப் போயிருக்க வேண்டும். தந்தை ஆடிய கிளப்பில் மகனும் ஆடலாம் என்ற புதிய விதிக்காக மெல்போர்ன் கிளப் வாதாடியது. அந்த விதி பராஸிக்காகவே பிறந்தது என்று இன்றும் சொல்வார்கள். ஆனால் அவருக்கு முன்பே வேறோர் இளைஞர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். 1953-ல் பராஸி மெல்போர்ன் அணியில் இறங்கினார். முதுகில் தந்தை அணிந்த அதே 31-ஆம் எண்.

ஆளுக்கேற்ற இடம்

தொடக்கத்தில் அவரை எங்கே நிறுத்துவது என்பதே சிக்கலாக இருந்தது. அக்காலத்தில் நடுவர் பந்தைத் தரையில் குத்தி எழுப்பும்போது உயரே எம்பித் தட்டிவிட்டவர் 'ரக்மேன்'. நல்ல உயரம் வேண்டும். கீழே விழும் பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடுபவர் 'ரோவர்'. குள்ளமாகவும் சுறுசுறுப்பாகவும் இருப்பார். பராஸி ஐந்தடி பத்தங்குலம், கட்டுமஸ்தான உடல். முதல் இடத்துக்குக் குள்ளம், இரண்டாவதற்குப் பருமன்.

ஸ்மித் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தை அவருக்குக் கொடுத்தார். பந்து எங்கே போனாலும் பின்னாலேயே ஓடி, இடித்துப் பிடித்துப் பறிக்கும் வேலை. 'ரக்-ரோவர்' என்ற பெயர் நிலைத்தது இவரால்தான். இடத்துக்கு ஆளைத் தேடாமல் ஆளுக்கு இடத்தை உண்டாக்கியது நார்ம் ஸ்மித்தின் நுட்பம். ஓர் உடற்பயிற்சி ஆசிரியனாக நான் மிகவும் ரசித்த பகுதி இது. எத்தனை பள்ளிகளில், 'இவன் எதிலும் சேரமாட்டான்' என்று நல்ல பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்!

1954 முதல் 1960 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் மெல்போர்ன் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. 1955, 1956, 1957, 1959, 1960 ஆகிய ஐந்து முறை பட்டம். 1960-ல் பராஸியே அணித் தலைவர். 1964-ல் ஆறாவது பட்டம். காலிங்வுட் அணியை நான்கே புள்ளிகளில் வென்றார்கள். தோற்கும் நிலையிலிருந்து காப்பாற்றிய கடைசிக் கோலை அடித்தவர் நீல் க்ராம்ப்டன் என்ற தடுப்பாட்டக்காரர். அவர் அங்கே வந்து நின்றதே அதிசயம். அந்தக் கோல் மெல்போர்ன் கிளப்புக்கு எத்தனை காலத்துக்குக் கடைசி மகிழ்ச்சியாக இருக்கப் போகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

பிரிவு

அந்த வெற்றிக்குச் சில மாதங்களில் பராஸி மெல்போர்ன் கிளப்பை விட்டு விலகி, கார்ல்டன் கிளப்புக்கு அணித் தலைவராகவும் பயிற்சியாளராகவும் போனார். தந்தையின் கிளப், குருவின் கிளப், தமக்காக விதிக்கே வாதாடிய கிளப்! மெல்போர்ன் நகரமே அதிர்ந்தது. சிறுவர்கள் முதுகில் தைத்திருந்த 31-ஐப் பிய்த்து எறிந்தார்கள் என்பார்கள். 'நீ இங்கேயே இரு, பயிற்சியாளர் பொறுப்பை உனக்கு விட்டுத் தருகிறேன்' என்று ஸ்மித்தே சொன்னதாகவும், பராஸி அதை ஏற்க மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது.

இவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கைப்பந்துப் பயிற்சி தருகிறேன். சென்ற ஆண்டு நம் அணியின் சிறந்த ஆட்டக்காரன், நம்மிடமே ஆறு வருடம் பழகியவன், நகரின் வேறோர் அணிக்குப் போய்விட்டான். பெரியவர்கள் சிலர் 'நன்றி கெட்டவன்' என்றார்கள். பிள்ளைகள் என்னிடம் வந்து, "சார், அவன் செஞ்சது சரியா?" என்று கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பராஸியின் கதையைச் சொன்னேன். நான்கு ஞாயிறு பிடித்தது. இக்கட்டுரை அதன் சுருக்கமே.

பராஸியின் பக்கமிருந்து பார்ப்போம். வயது இருபத்தெட்டு. பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற வேகம். மெல்போர்னிலேயே இருந்தால், குரு விலகி நின்று கொடுத்த நாற்காலியில் உட்கார வேண்டும்; வென்றால் ஸ்மித்தின் அணி வென்றது என்பார்கள், தோற்றால் ஸ்மித்தின் அணியைக் கெடுத்தான் என்பார்கள். குருவை நகர்த்திவிட்டு அவர் இடத்தில் அமர்வதைவிட, வேறு இடத்துக்குப் போய்ப் புதிதாகத் தொடங்குவது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. கார்ல்டன் அப்போது நல்ல நிலையிலும் இல்லை. 1947-க்குப் பின் பட்டமே கிடையாது. 1964-ல் பன்னிரண்டு அணிகளில் பத்தாம் இடம். சுகவாசத்துக்குப் போனார் என்று சொல்ல இடமில்லை.

மறுபக்கமும் உண்டு. 1965 ஜூலையில் மெல்போர்ன் கிளப் நிர்வாகம் ஆறு பட்டங்கள் வாங்கித் தந்த நார்ம் ஸ்மித்தைத் திடீரென்று பதவி நீக்கம் செய்தது. ஊரே கொதித்ததும் ஒரு வாரத்துக்குள் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனால் உடைந்தது ஒட்டவில்லை. 1967-க்குப் பின் ஸ்மித் அங்கே இல்லை. மெல்போர்ன் கிளப்புக்கு அதன்பின் பட்டமே வராததால், 'நார்ம் ஸ்மித்தின் சாபம்' என்று ரசிகர்கள் பேசத் தொடங்கினார்கள். சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. விலகிப் போன சீடர்மேல் பழி போட்ட நிர்வாகம், இருந்த குருவைத் தானே எப்படி நடத்தியது என்பதைத்தான் நான் பிள்ளைகளிடம் சுட்டிக்காட்டினேன்.

1970: இடைவேளையில் நடந்தது

கார்ல்டனில் பராஸி 50 ஆட்டங்கள் ஆடினார். மெல்போர்னில் ஆடிய 204-ஐயும் சேர்த்து மொத்தம் 254. 1969-ல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முழுநேரப் பயிற்சியாளரானார். அதற்கு முன்பே, 1968-ல், கார்ல்டனுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. எஸ்ஸென்டனை மூன்று புள்ளிகளில் வென்றார்கள். எதிரணியைவிடக் குறைந்த கோல்கள் அடித்தும் இறுதிப் போட்டியை வென்ற முதல் அணி அது. 7 கோல், 14 தனிப்புள்ளி என்று 56 எடுத்தது. எஸ்ஸென்டன் 8 கோல், 5 தனிப்புள்ளி, மொத்தம் 53.

ஆனால் மக்கள் பேசுவது 1970-ஐப் பற்றித்தான். செப்டம்பர் 26. மைதானத்தில் 1,21,696 பேர். இந்த ஆட்டத்துக்கு அதுவரையும் அதன்பிறகும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. இடைவேளையில் காலிங்வுட் 44 புள்ளிகள் முன்னால். கார்ல்டன் தோற்றுவிட்டது என்று எண்ணி எழுந்து போனவர்களும் உண்டு.

உடை மாற்றும் அறையில் பராஸி இரண்டு காரியம் செய்தார். முதலாவது, பந்து கிடைத்ததும் நின்று நிதானித்து உதைக்காதீர்கள். பக்கத்தில் ஓடி வருபவனுக்கு முஷ்டியால் குத்திக் கொடுத்துவிட்டு நீங்களும் ஓடுங்கள் என்று கட்டளை இட்டார். அதுவரை பெரும்பாலான அணிகளில் ஹேண்ட்பால் என்பது மாட்டிக்கொண்டவன் தப்பிக்கச் செய்யும் வேலை. அதையே தாக்கும் ஆயுதமாக்கச் சொன்னார். இரண்டாவது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸ் என்ற சிறு உருவ இளைஞரை உள்ளே அனுப்பினார். அன்றைய விதிப்படி வெளியே வந்தவர் திரும்பப் போக முடியாது. ஆகவே மாற்றுவது என்பது துணிந்து எடுக்கும் முடிவு. ஹாப்கின்ஸ் நான்கு கோல் அடித்தார். ஆட்ட முடிவில் கார்ல்டன் 111, காலிங்வுட் 101.

ஐந்து நிமிடப் பேச்சில் ஆட்டமே மாறிவிட்டது என்று இதைச் சொல்வது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. வாராவாரம் மைதானத்தில் பழகாத ஒன்றை இடைவேளையில் சொல்லி யாரையும் செய்ய வைக்க முடியாது. முஷ்டியால் குத்தும் பந்து, ஓடுகிறவனின் கைக்கு நேராக, அவன் வேகம் குறையாமல் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான முறை பழகியிருக்க வேண்டும். இந்த யோசனையும் பராஸியின் சொந்தச் சரக்கு அன்று. ஜீலாங் அணியின் பாலி ஃபார்மர் ஹேண்ட்பாலை ஒரு கலையாகவே செய்து காட்டியிருந்தார். நார்ம் ஸ்மித்தின் சகோதரரும் பயிற்சியாளருமான லென் ஸ்மித், நிற்காமல் ஓடி ஆடும் முறையைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகள் பராஸிக்குக் கிடைத்திருந்தன. ஆக, குருவின் வீட்டைவிட்டு வெளியேறினாலும், அந்தக் குடும்பத்துப் பாடத்தைத்தான் அவர் கார்ல்டனில் நடத்தினார். பராஸிக்கு உரிய பெருமை, 44 புள்ளிகள் பின்தங்கியபோது அந்தப் பாடத்தை நம்பியதில் இருக்கிறது.

டெட் ஹாப்கின்ஸ் பிற்காலத்தில் இந்த ஆட்டத்தின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

கடைசி இடத்திலிருந்து

1971-ன் முடிவில் கார்ல்டனை விட்ட பராஸி, ஓராண்டு இடைவெளிக்குப் பின் 1973-ல் நார்த் மெல்போர்ன் கிளப்புக்கு வந்தார். முந்தைய ஆண்டு அந்த அணி ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று கடைசி இடத்தில் இருந்தது. 1925-ல் பெரிய லீகில் சேர்ந்தும் ஒரு பட்டம்கூட இல்லை. பத்தாண்டுகள் ஒரே கிளப்பில் ஆடியவர் விருப்பம்போல் மாறலாம் என்று அப்போது சிறிது காலம் ஒரு விதி இருந்தது. அதைக்கொண்டு பாரி டேவிஸ், டக் வேட், ஜான் ரன்டல் என்ற மூன்று மூத்த வீரர்களை நார்த் மெல்போர்ன் சேர்த்துக்கொண்டது. 1974-ல் இறுதிப் போட்டிக்கு வந்து தோற்றார்கள். 1975-ல் ஹாத்தார்ன் அணியை 55 புள்ளிகளில் வென்று முதல் பட்டம். 1977-ல் காலிங்வுட்டோடு 76-76 என்று சமன். மறு வாரம் திரும்ப ஆடி 27 புள்ளிகளில் வெற்றி.

பராஸியின் முறை மென்மையானது அன்று. முகத்துக்கு நேரே கத்துவார். எல்லோர் முன்னிலையிலும் ஒருவரை நிறுத்தி வைத்துத் திட்டுவார். இதை நம் பிள்ளைகளிடம் யாரும் பின்பற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. பயந்த பிள்ளை பந்தைப் பார்க்காது, ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பராஸியிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் ப்ரென்ட் க்ராஸ்வெல். அவர் கார்ல்டனில் இரண்டு பட்டங்கள், நார்த் மெல்போர்னில் இரண்டு பட்டங்கள் என்று நான்கிலும் பராஸியின் கீழேயே ஆடினார். பின்னர் மெல்போர்ன் கிளப்பிலும் அவரிடம் ஆடினார். அந்தத் திட்டுகளைப் பற்றிப் பத்திரிகையில் சிரிக்கச் சிரிக்க எழுதினார்.

திரும்பிய இடம்

1981-ல் பராஸி மெல்போர்ன் கிளப்புக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். ஊர் முழுக்கப் பெரும் எதிர்பார்ப்பு. அந்த ஆண்டு 22 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றார்கள். ஐந்து ஆண்டுகள் இருந்தும் இறுதிச் சுற்றுகளுக்கு ஒரு முறைகூட வரவில்லை. சினிமாவாக இருந்தால் இங்கே பட்டம் வென்றிருப்பார்கள்.

ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் ஒன்று நடந்தது. அயர்லாந்தின் கேலிக் கால்பந்து இந்த ஆட்டத்துக்கு ஓரளவு உறவு. அங்கிருந்து இளைஞர்களைக் கொண்டுவந்து பழக்கலாம் என்று பராஸியும் கிளப்பும் முயன்றார்கள். பத்திரிகையில் விளம்பரம் செய்து ஆள் எடுத்தார்கள். 1984-ல் டப்ளினிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஜிம் ஸ்டைன்ஸ். அவர் தேறி அணிக்கு வருவதற்குள் பராஸி விலகிவிட்டார். 1991-ல் லீகின் மிக உயர்ந்த விருதான பிரவுன்லோ பதக்கம் ஸ்டைன்ஸுக்குக் கிடைத்தது. தொடர்ந்து 244 ஆட்டங்கள் விடாமல் ஆடிய சாதனையும் அவருடையதே. பிற்காலத்தில் அதே கிளப்பின் தலைவராகி, அதைக் கடனிலிருந்து மீட்கப் பாடுபட்டு, 2012-ல் காலமானார்.

1993-ல், 57 வயதில், பராஸி சிட்னி ஸ்வான்ஸ் அணியை ஏற்றார். ஆஸ்திரேலியாவில் தெற்கிலும் மேற்கிலும் இந்த ஆட்டம்; சிட்னி இருக்கும் கிழக்கிலும் வடகிழக்கிலும் ரக்பி. இரண்டையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்கு 1978-ல் இயன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் 'பராஸி கோடு' என்று பெயர் வைத்திருந்தார். அதுவும், உயிரோடு இருந்த மனிதரின் பெயரில் 'நினைவுச் சொற்பொழிவு' என்று வேடிக்கையாக நடத்திய உரையில்! அந்தக் கோட்டைத் தாண்டித்தான் பராஸி இப்போது போனார். அணியோ தொடர் தோல்வியில், மூடப்படுமோ என்ற நிலையில் இருந்தது. 1994-லும் கடைசி இடம்தான். 1995-ல் எட்டு வெற்றிகள் பெற்று விடைபெற்றார். மறு ஆண்டு, வேறு பயிற்சியாளரின் கீழ், அந்த அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. அவர் காலத்தில் சேர்ந்த பால் ரூஸ், பின்னர் பயிற்சியாளராகி, 2005-ல் 72 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிளப்புக்குப் பட்டம் வாங்கித் தந்தார்.

சிட்னி ஸ்வான்ஸ் என்பது 1982-ல் சிட்னிக்குக் குடிபெயர்ந்த சவுத் மெல்போர்ன் கிளப்தான். நார்ம் ஸ்மித் தம் கடைசிக் காலத்தில், 1969 முதல் 1972 வரை, பயிற்சி அளித்ததும் அந்தக் கிளப்புக்கே. 1973-ல் அவர் காலமானார். குருவுக்கும் சீடருக்கும் கடைசிப் பள்ளிக்கூடம் ஒன்றாகவே அமைந்தது. ஒவ்வோர் ஆண்டும் இறுதிப் போட்டியில் சிறப்பாக ஆடியவருக்கு 1979 முதல் வழங்கப்படும் பதக்கத்துக்கு நார்ம் ஸ்மித்தின் பெயர். மெல்போர்ன் மைதானத்தின் வெளியே பந்தை உதைக்கும் நிலையில் பராஸிக்குச் சிலை இருக்கிறது.

மெல்போர்ன் கிளப் 2021 செப்டம்பர் 25 அன்று பெர்த் நகரில் பட்டம் வென்றது. 1964-க்குப் பின் 57 ஆண்டுகள் கழித்து வந்த முதல் பட்டம் அது. அப்போது பராஸிக்கு வயது 85. 2023 செப்டம்பர் 16-ல் அவர் காலமானார்.